மேட்டில் தொடங்கிய குழாய்

ஊரில் அவரை எல்லோரும் கண்ணளவு என்றுதான் கூப்பிடுவார்கள். நாடா, நூல், மட்டம் எதையும் அவர் தொட்டதில்லை. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கி, வேலிக்கம்பு வரிசையைப் பார்த்து, "நாலாவது கம்பு ஒரு விரல் உள்ள போயிருக்கு" என்பார். நாடா போட்டுப் பார்த்தால் ஒரு விரல்தான் இருக்கும். சுண்டு விரலா கட்டை விரலா என்று வேண்டுமானால் சண்டை போடலாம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த மனிதருக்கு, ஐம்பத்தோரு வயதில் இருந்த ஒரே கர்வம் அந்தக் கண்தான். அந்தக் கண்ணுக்கு ஒரே ஒரு நோய் இருந்தது. அது எந்நேரமும் பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வயல் அவருடைய சகலையுடையது. மாமனாருக்கு இரண்டு பெண்கள். பெரியவளைச் சகலை கட்டினார், சின்னவளை இவர் கட்டினார். மாமனார் தன் நிலத்தை நெடுக்காக வகுந்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, பெரிய மகள் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், சகலை இவரைவிட மூன்று வயது சின்னவர். இருந்தாலும் பெரிய பெண்ணைக் கட்டியதால் அவர்தான் மூத்த மாப்பிள்ளை. தலை முதலில் நரைத்தது இவருக்கு. மூத்தவர் என்ற பெயர் அவருக்கு. குடும்பத்தோடு போட்டோ எடுத்தால் சகலைக்கு நாற்காலி, இவருக்கு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற இடம். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை.

சகலை கெட்டவராக இருந்திருந்தாலாவது பரவாயில்லை. "அண்ணே, அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். மரியாதை தராதவனிடம் சண்டை போடலாம். மரியாதையும் தந்துவிட்டு முன்வரிசையிலும் உட்காருகிறவனை என்ன செய்வது? கண்ணளவு மனசுக்குள்ளேயே புகைந்தார். சகலை வீட்டில் புது சோபா வந்தபோது, போய் உட்கார்ந்து, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து, "ஸ்பிரிங் ஆறு மாசம் தாங்காது" என்று மனைவியிடம் சொன்னார். ஆறு வருஷமாகத் தாங்குகிறது. சகலை வயிற்றுப் புண்ணுக்கு ஆப்பரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது, மாமனார் ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதைக் கண்டு அந்தப் புண்ணின் மேலேயும் இவருக்குப் பொறாமை வந்தது.

"வயித்துல புண்ணு அவருக்கு, எரிச்சல் உங்களுக்கா?" என்றாள் மனைவி. அவளுக்கு எதையும் மறைத்துப் பேசத் தெரியாது.

இரண்டு வயலுக்கும் மேட்டுப் பக்கம் ரோடு, பள்ளத்துப் பக்கம் பெரிய வடிகால். மழை பெய்தால் ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் வழியாக மேல்நிலத்துத் தண்ணீரெல்லாம் வந்து விழும். விழுந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு வாய்க்கால் சகலை வயல் நடுவிலும் இன்னொன்று இவர் வயல் நடுவிலும் ஓடி, அறுநூறு அடி தாண்டிப் பெரிய வடிகாலில் சேரும். திறந்த வாய்க்கால். மேலே ஆறடி அகலம், ஆழம் இடுப்பு வரை. வருஷா வருஷம் புல்லும் கோரையும் மண்டும். கரை சரியும். டிராக்டர் ஒரு பக்கம் உழுது முடித்து மறுபக்கம் போக ரோடு வரை வந்து சுற்ற வேண்டும். கண்ணளவு ஒவ்வொரு வருஷமும் மண்வெட்டியோடு உள்ளே இறங்கி, குனிந்தது குனிந்தபடி இருபது நாள் தூர்வாருவார். அவருடைய முதுகின் பாதி அந்த வாய்க்காலில்தான் போயிற்று. அதே இருபது நாளும் பக்கத்து வாய்க்காலில் சகலையின் முதுகும் குனிந்திருக்கும். உள்ளுக்குள் அது ஒரு ஆறுதல்.

அந்த ஆறுதலுக்குத்தான் வந்தது வேட்டு. ஒரு கோடையில் சகலை சிமென்ட் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் நீளம், ஒரு பக்கம் வாய் அகலமாக இருக்கும். வாய்க்காலுக்குள் குழாயைப் பதித்து, மேலே மண்ணைப் போட்டு மூடி, வயலை ஒரே வயலாக ஆக்கப் போகிறாராம்.

வேலையைப் பெரிய வடிகால் பக்கத்தில், பள்ளத்தில், யார் கண்ணிலும் படாத கோடியில் தொடங்கினார். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் டியூபின் ஒரு முனையைச் சகலை பிடிக்க, மறுமுனையை அவர் மனைவி பிடிக்க, முளைக்குச்சி அடித்து அடித்து மட்டம் பார்த்தார்கள். நாளுக்குப் பத்து குழாய்தான் நகர்ந்தது.

கண்ணளவு வரப்பில் நின்று சிரித்தார். "என்ன சகலை, பொம்பளையும் நீங்களும் குழந்தைங்க மாதிரி டியூப் வெச்சு விளையாடறீங்க?"

"எனக்கு உங்க கண்ணு இல்லையேண்ணே" என்றார் சகலை.

இப்படிச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வது? அன்று ராத்திரிச் சாப்பாடு இவருக்கு இறங்கவில்லை.

மூன்று வாரத்தில் மூடிவிட்டார்கள். வாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. மேட்டில் தண்ணீர் பிரியும் இடத்தில் வரப்போரமாக ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என, குழாயைத் திறந்து பார்க்க வைத்த மூன்று தொட்டிகளின் மூடிகள் மட்டும் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தன. டிராக்டர் இந்த வேலியில் கிளம்பி அந்த வேலி வரை மூச்சு விடாமல் ஓடியது. அடுத்த வருஷம் தூர்வாரும் நாள் வந்தபோது, கண்ணளவு தன் வாய்க்காலில் தனியாகக் குனிந்திருந்தார். தலையைத் தூக்கினால் சகலை தன் வயல் நடுவில், வாய்க்கால் இருந்த அதே இடத்தில், செருப்புக் காலோடு டீ குடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "நாமளும் குழாய் போடறோம்" என்றார்.

மனைவி நல்லதென்றே நினைத்தாள். "போட்டா இந்தத் தரம் முழு வயலும் வெங்காயம் வெக்கலாம். தண்ணி நிக்காதுன்னாதான் வெங்காயம். அரைகுறையா ஆச்சுன்னா வருஷமே போச்சு, பார்த்துக்கோங்க" என்றாள். அவள் பேச்சில் இவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

குழாய் வந்தது. பொக்லைன் வந்தது. ஓட்டுகிறவன் நாலு ஊரில் இந்த வேலை செய்தவன், வாய் கொஞ்சம் நீளம்.

"வால்லேர்ந்து பிடிச்சிடலாமாண்ணே?" என்று வண்டியைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினான்.

"இல்ல. தலையிலேர்ந்து."

"தலையிலேர்ந்தா?" வண்டியை நிறுத்திவிட்டான். "தண்ணி எங்க போய் விழணுமோ அங்கதானேண்ணே முதல் குழாய் வெப்பாங்க. அங்கேர்ந்து மேட்டுக்கு ஏறி வருவாங்க. குழாயோட அகல வாயும் மேட்டைப் பார்த்து இருக்கணும்."

"நான் சொல்றதைச் செய்."

அவர் தலையிலிருந்து தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, ரோட்டோரம் நாற்காலி போட்டு, வெயில் காய உட்கார வைப்பார். மாமனாருக்குக் கால் நடக்க வராது. பார்வையும் ஐம்பது அடியோடு சரி, அதற்கு மேல் எல்லாம் அவருக்குப் பச்சைப் புகை. பள்ளத்தில் வைரத்திலேயே குழாய் போட்டாலும் கிழவருக்குத் தெரியாது. மேட்டில் ஐம்பது அடி மூடியிருந்தால் தெரியும். 'சின்ன மாப்பிள்ளை மூணு நாள்ல முடிச்சிட்டாரே' என்று அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு வார்த்தை.

மூன்று நாளில் மேட்டுப் பகுதியை மூடினார். மூடிய மண்ணை வாரியல் கொண்டு கூட்டி வேறு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, நாற்காலி வந்தது, மாமனார் வந்தார். கண்ணளவு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார்.

மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். இவருக்கு நெஞ்சு விரிந்தது. "மூத்தவரு போட்ட மாதிரியே இருக்கு" என்று முடித்தார்.

விரிந்த நெஞ்சு விரிந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வேலையில் ஒரு வெறி வந்துவிட்டது. சகலை நாளுக்குப் பத்து குழாய் போட்டாரா, நான் இருபது போடுகிறேன். அவர் டியூப் பிடித்தாரா, எனக்குக் கண் போதும். "இன்னும் தோண்டு, இன்னும் ஒரு பிடி" என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், சகலையுடையதைவிட வேகமாக ஓட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஐந்நூறு அடி தாண்டியதும் பொக்லைன்காரன் இறங்கி வந்து, தோண்டிய பள்ளத்தையும் முன்னால் இருந்த பெரிய வடிகாலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க வேணா அந்தக் கண்ணைத் திறந்து பாருங்க. இப்படியே போனா நம்ம குழாய் பெரிய வடிகாலுக்கு அடியில போய் நிக்கும்."

கண்ணளவு பார்த்தார். அவன் சொன்னது சரி. பள்ளத்தின் தரை பெரிய வடிகாலின் தரையைவிட முழங்கால் அளவு கீழே கிடந்தது. அவருடைய கண் அவரை ஏமாற்றியது அதுதான் முதல் தரம். ஏமாற்றியதற்குக் கண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அது வேலை நடந்த அத்தனை நாளும் பக்கத்து வயலில் இருந்தது.

"பாதிக்கு மேல எல்லாத்தையும் எடுத்துட்டு, வால்லேர்ந்து மறுபடி போடணும்" என்றான் அவன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் சகலை ஏதோ களை பிடுங்கிக்கொண்டிருந்தார். மூடிய மண்ணை அவர் கண் முன்னால் தோண்டுவதா? நாளைக்கே அது நாற்காலிவரை போகாதா?

"கடைசி மூணு குழாயை மூக்கைத் தூக்கி வை. வாய் வடிகாலுக்கு மேல தெரியட்டும்."

"அப்ப நடுவுல வயிறு மாதிரி தொங்குமேண்ணே. சேறெல்லாம் அங்கதான் போய் உட்காரும்."

"உட்கார்ந்தா உட்காரட்டும். நீ யார்கிட்டயும் சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்று அவன் வண்டியில் ஏறினான். "தண்ணியே சொல்லும்."

மூடியாயிற்று. பார்வைக்கு, மூன்று தொட்டி மூடிகள் வரைக்கும், இரண்டு வயலும் ஒன்றுபோல் இருந்தன. முழு வயலும் வெங்காயம் நட்டார்கள். வாய்க்கால் இருந்த இடத்திலும் பாத்தி. இரண்டு சிறு மழை வந்தது. குழாய் வாயில் தண்ணீர் கொட்டுவதை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொட்டுது பாரு" என்று மனைவியிடம் மீசையைத் தடவினார். ஒவ்வொரு தரமும் கொட்டியது கொஞ்சம் குறைந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம். வெங்காயம் கைப்பிடிப் பருமனுக்கு வந்தது. சகலை வயலில் அந்தத் தரம் சோளம். தன் வெங்காயத்தைப் பார்த்தபோதெல்லாம், வாழ்க்கையில் முதல் தரமாக, கண்ணளவுக்கு எதன் மேலும் எரிச்சல் வரவில்லை. இன்னும் எட்டு நாளில் பிடுங்க வேண்டியது.

ஐந்தாம் நாள் காலையில் மழை பிடித்தது. மணி ஒன்பதுக்குத் தொடங்கி, பத்தரைக்குள் சிறுபாலத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கண்ணளவு மேட்டுத் தொட்டிப் பக்கம் ஓடினார். தொட்டி மூடி ஆடியது. பிறகு கீழிருந்து யாரோ முட்டுவதுபோல் ஒரு பக்கமாக எழுந்து விழுந்தது. செந்நிறத் தண்ணீர் தொட்டியை நிரப்பி, வழிந்து, முதல் பாத்திக்குள் நுழைந்தது. வாலில் போய்ப் பார்த்தார். குழாய் வாயில் நாய்க்குட்டி ஒன்றுக்குப் போகிற மாதிரி ஒரு நூல் தண்ணீர்.

வரப்பைத் தாண்டிப் பார்த்தார். சகலையின் வயலில் சோளம் மழையில் குளித்துக்கொண்டு சும்மா நின்றது. காலடியில் ஒரு குட்டை இல்லை. பெரிய வடிகாலில் அவருடைய குழாய் மட்டும் தும்பிக்கை மாதிரி தண்ணீரை வீசி அடித்தது. அந்த நேரத்திலும் இவருக்கு முதலில் தோன்றியது, 'அவன் குழாயும் அடைத்துக்கொள்ளக் கூடாதா' என்பதுதான். தன் வெங்காயம் மூழ்குவது அப்புறம்தான் உறைத்தது.

மனைவி முழங்கால் சேற்றில் நின்றாள். "அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்."

"வெங்காயம் போகுதுங்க!"

"வேணாம்னா வேணாம்!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு சகலை வரப்பில் ஏறி வந்துகொண்டிருந்தார். "எங்கண்ணே அடைச்சிருக்கு?"

"தெரியல" என்றார் கண்ணளவு.

சகலை நடுத் தொட்டியைத் திறந்தார். மூங்கிலை விட்டுக் குத்தினார். அங்கே அடைப்பில்லை, தண்ணீர்தான் நிரம்பி நின்றது. மூடிவிட்டுக் கடைசித் தொட்டிக்கு ஓடினார். வழியில் வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி ஓடினார். கண்ணளவு பின்னாலேயே ஓடினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் மூன்றாவது பாத்தியில் ஏறியது. நாலாவதில் ஏறியது. வெங்காயத் தாள்களின் நுனி மட்டும் மேலே தெரிந்தது.

மனைவி அங்கிருந்தே கத்தினாள். "ஏங்க, தெரிஞ்சா சொல்லித் தொலைங்களேன்! உங்க மூஞ்சியே சொல்லுதே!"

நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். "கடைசித் தொட்டிக்கு அந்தப் பக்கம். மூணு குழாய். பள்ளமாப் போயிடுச்சு. நான்தான் மூக்கைத் தூக்கி வெக்கச் சொன்னேன். வயித்துல சேறு அடைச்சிருக்கும்."

சகலை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கண்ணளவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "இந்த மழையில அதைத் தோண்ட முடியாதுண்ணே. மேட்டுல தடுப்போம். வாங்க" என்றார்.

இருவரும் மேட்டுக்கு ஓடினார்கள். சாக்குகளில் மண் நிரப்பி, தொட்டிக்குள் இறங்கி, கண்ணளவின் குழாய் வாயை அடைத்தார்கள். பிறகு அவருடைய தொட்டியிலிருந்து சகலையின் தொட்டிக்கு, வரப்பை அறுத்துக்கொண்டு எட்டடி நீளம் வெட்டினார்கள். மனைவி வாலுக்குப் போய், வயலுக்குள் நிற்கும் தண்ணீர் இறங்குவதற்காகக் கரையை வெட்டினாள். மேட்டு வெட்டுக்கு ஒரு பக்கம் சகலை, மறுபக்கம் கண்ணளவு. வெட்டும்போதே இவர் கண், சகலை எத்தனை வெட்டு முன்னால் போகிறார் என்று பார்த்தது. இரண்டு வெட்டு முன்னால்தான். அந்த மண்வெட்டியின் பிடி நல்ல பிடி.

கடைசி மண்கட்டி உடைந்ததும் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் ஒரு உலுக்கு உலுக்கித் திரும்பி, சகலையின் தொட்டிக்குள் பாய்ந்தது. தும்பிக்கை இன்னும் தடித்தது.

மதியத்துக்குள் மழை விட்டது. பள்ளத்துப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெங்காயம் அழுகியது. மீதி தப்பியது. மீதியைப் பிடுங்கிக் காயவைத்துக் கட்டிய பிறகு, பொக்லைன் மறுபடி வந்தது. ஓட்டுகிறவன் இளித்துக்கொண்டே, "எங்கேர்ந்துண்ணே? தலையா, வாலா?" என்றான்.

"வால்லேர்ந்துதான். வாயை மூடிட்டு ஓட்டு."

சகலை டியூபின் ஒரு முனையைப் பிடித்தார். கண்ணளவு மறுமுனையைப் பிடித்தார். கீழ்ப்பாதியைத் தோண்டி எடுத்து, அகல வாயை மேட்டுப் பக்கம் திருப்பி, மறுபடி பதித்தார்கள். ஆனால் மேல்பாதி ஏற்கெனவே ஆழமாக இறங்கிவிட்டதால் கீழ்ப்பாதிக்குச் சரிவு போதவில்லை. வயலில் விழும் மழையை அது வடிக்கும். ரோட்டுத் தண்ணீரைத் தாங்காது.

"ரோட்டுத் தண்ணியை அப்படியே என் தொட்டியிலயே விட்டுடுங்கண்ணே" என்றார் சகலை. "நமக்குள்ள என்ன?"

எட்டடி வெட்டில் ஒன்றரைக் குழாய் வைத்து மூடினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வந்தது. மாமனார் புது மண்ணைப் பார்த்தார். "ரெண்டு தண்ணியும் சேர்ந்தா போகுது?"

"ஆமாம் மாமா" என்றார் கண்ணளவு.

"யார் குழாயில?"

இவர் புது மண்ணைக் காலால் மிதித்து அமுக்கினார். சகலை, 'என் குழாயில' என்று சொல்லாமல், குனிந்து மாமனாரின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்காகவும் இவருக்கு அவர் மேல் கோபம் வந்தது.

இப்போதும் மழை வந்தால் கண்ணளவு வீட்டில் இருக்க மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். தன் தொட்டியைத் திறக்க மாட்டார். சகலையின் தொட்டி மூடியைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்ப்பார். அதற்குள் இரண்டு குழாய் வாய்கள் எதிரெதிராகக் கொட்டும். ஒன்று சகலை பக்கத்துத் தண்ணீர், ஒன்று இவர் பக்கத்துத் தண்ணீர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார்.

ஒரு நாள் மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். "அடுத்தவங்க தொட்டியில என்ன பார்க்கறீங்க?"

"நம்மது ரெண்டு விரல் உசரமா வருதுடி" என்றார் அவர்.

"தண்ணி கூட வந்தா அதுல என்னங்க பெருமை?"

அவர் மறு கண்ணையும் திறந்து இன்னொரு தரம் பார்த்தார். இரண்டு விரல்தான். மூடியைத் தள்ளி மூடிவிட்டு, செருப்பில் சேறு ஒட்டாமல் சகலையின் வயல் வழியாகவே நடந்து வீட்டுக்குப் போனார்.